ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் ஓடும் பாய்மமும் காந்தப்புலமும்: கணக்குப் போடத் தொடங்குபவர்களுக்கு

ஒரே காந்தப்புலத்தை இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை வரும். ஒருவர் பாய்மத்தோடு சேர்ந்து ஓடுகிறார், இன்னொருவர் ஆய்வகத்தில் நிற்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். சார்பியல் காந்தப் பாய்ம இயக்கவியலுக்குப் புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது. அதனால் எந்தச் சமன்பாட்டைப் பார்த்தாலும், அதில் வரும் ஒவ்வொரு எழுத்துக்கும் ‘இதை அளந்தது யார்?’ என்று கேட்டுவிட்டு மேலே போகிற பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2019 ஏப்ரலில் எம்87 கருந்துளையின் முதல் படம் வெளியானதே, அந்த ஆரஞ்சு வளையத்துக்குப் பொருள் சொன்னது இந்தக் கணக்குதான். 2021-இல் அதே வளையத்தின் ஒளி எந்தத் திசையில் முனைவுற்றிருக்கிறது என்று அளந்து, கணினி உருவகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அங்கே காந்தப்புலம் 1-இலிருந்து 30 காஸ் வரை இருக்கலாம் என்றார்கள். நியூட்ரான் விண்மீன் மோதல், காமாக் கதிர் வெடிப்பு, துகள் முடுக்கிகளில் கன அயனிகளை மோதவிடும் சோதனை என்று இன்னும் பல இடங்களில் இதே சமன்பாடுகள்தான்.

தொடங்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்? நான்கு-வெக்டரும் டென்சரும் கைக்குப் பழகியிருக்க வேண்டும், மேக்ஸ்வெல் சமன்பாடுகளை டென்சர் வடிவில் ஒரு தடவையாவது எழுதிப் பார்த்திருக்க வேண்டும், சாதாரணப் பாய்மத்தின் ஆய்லர் சமன்பாடு தெரிந்திருந்தால் நல்லது. பொதுச் சார்பியல் இப்போதைக்கு வேண்டாம். பலர் நேராகக் கருந்துளைக்குள் குதித்துவிட்டு, விடை தப்பாக வரும்போது தப்பு வளைந்த வெளியிலா, காந்தத்திலா, பாய்மத்திலா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் திண்டாடுகிறார்கள். கீழே எல்லா இடத்திலும் ஒளிவேகம் 1 என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: காந்தம் இல்லாமல் பாய்மம் மட்டும்

அடர்த்தி, அழுத்தம், உள் ஆற்றல் என்று சொல்லும்போதெல்லாம் அது பாய்மத்தோடு கூடவே போகிறவர் அளந்த எண். ஆய்வகத்தில் நிற்பவருக்கு அடர்த்தி வேறாகத் தெரியும். ஓடும் திசையில் நீளம் சுருங்குவதால் அதே துகள்கள் சின்ன இடத்தில் அடைபட்டதுபோல் இருக்கும், ஆகவே அவர் காண்பது அடர்த்தி × காமா. காமா என்பது லாரன்ஸ் காரணி. வேகம் 0.6 என்றால் காமா 1.25, வேகம் 0.8 என்றால் 1.67 சொச்சம். இந்த இரண்டு வேகங்களும் கணக்குப் போட வசதியானவை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியில் உண்மையிலேயே புதிதாக இருப்பது நிலைமம்தான். நியூட்டன் பாய்மத்தில் ஒன்றைத் தள்ளுவது எவ்வளவு கடினம் என்பதை அடர்த்தி மட்டுமே முடிவுசெய்யும். இங்கே அடர்த்தியோடு உள் ஆற்றலும் அழுத்தமும் சேர்ந்துகொள்கின்றன. மூன்றையும் கூட்டினால் வருவதை என்தால்பி என்போம். வாயுவைச் சூடாக்கினால் அதை நகர்த்துவது கடினமாகிறது என்பது முதலில் நம்ப முடியாததுபோல் இருக்கும். ஆற்றல்-உந்த டென்சரை எழுதி, ஓய்விலிருக்கும் பாய்மத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் என்தால்பி தானாக முன்னே வந்து நிற்கும். அந்தக் கணக்கைக் கையால் ஒருதரம் போட்டுவிடுங்கள், பின்னால் காந்தம் வரும்போது இதே இடத்தில்தான் வந்து உட்காரப்போகிறது.

நிலைச் சமன்பாட்டைப் பற்றி இப்போது அதிகம் கவலைப்பட வேண்டாம். குளிர்ந்த வாயுவுக்கு 5/3, துகள்களே ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் பறக்கும் அளவுக்குச் சூடானதற்கு 4/3 என்று அடியாபாட்டிக் எண்ணை (வாயுவை அமுக்கினால் அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறும் என்று சொல்லும் எண்) எடுத்துக்கொண்டால் போதும். இரண்டுக்கும் நடுவில் சரியாக எப்படி மாறுகிறது என்பதை 1957-இல் சிங் எழுதிவைத்துவிட்டார், தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம். இன்னொரு சின்ன எச்சரிக்கை: காலத்தின் பக்கம் மைனஸ் குறி போடும் மரபும் உண்டு, பிளஸ் போடும் மரபும் உண்டு. அழுத்தம் வரும் உறுப்பின் குறி அதைப் பொறுத்து மாறும். இரண்டு நூல்களை மாற்றி மாற்றிப் படித்தால் கண்டிப்பாகக் குழம்பும், ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள்.

இரண்டாம் படி: காந்தப்புலத்தை உள்ளே விடுவது

நம் பாய்மம் பிளாஸ்மா, அதாவது மின்சுமைகளாகப் பிரிந்த வாயு. அது மிக நல்ல மின்கடத்தி என்று எடுத்துக்கொள்கிறோம். நல்ல கடத்திக்குள் மின்புலம் நிற்காது, மின்சுமைகள் ஓடிப்போய் அதைச் சமன்செய்துவிடும். சரி, யாருக்கு மின்புலம் சுழி? பாய்மத்தோடு கூடப் போகிறவருக்கு மட்டும். ஆய்வகத்தில் நிற்பவருக்கு மின்புலம் இருக்கும். ஆனால் அது தனி மாறி அல்ல, திசைவேகமும் காந்தப்புலமும் தெரிந்தால் அவற்றின் குறுக்குப் பெருக்கலுக்கு மைனஸ் போட்டால் கிடைத்துவிடும். இப்படி மின்புலம் கணக்கிலிருந்து கழன்றுகொள்வதுதான் இந்தத் துறையை எளிதாக்குகிறது.

இப்போது இரண்டு காந்தப்புலங்கள் கைவசம் உள்ளன. ஆய்வகத்தில் நிற்பவர் அளந்ததைப் பெரிய பி என்றும், பாய்மத்தோடு போகிறவர் அளந்ததைச் சின்ன பி என்றும் எழுதுவது வழக்கம். சின்ன பி ஒரு நான்கு-வெக்டர்; பாய்மத்தின் நான்கு-திசைவேகத்துக்கு எப்போதும் செங்குத்தாக இருக்கும். இரண்டையும் இணைக்கும் உறவு இது:

சின்ன பி-யின் வர்க்கம் = (பெரிய பி-யின் வர்க்கம் ÷ காமாவின் வர்க்கம்) + (திசைவேகத்துக்கும் பெரிய பி-க்கும் உள்ள புள்ளிப் பெருக்கலின் வர்க்கம்)

இதை மனப்பாடம் செய்வதைவிட எண் போட்டுப் பாருங்கள். பாய்மம் 0.8 வேகத்தில் வலப்பக்கம் ஓடுகிறது, ஆய்வகத்தில் பெரிய பி-யின் அளவு 1. புலம் ஓட்டத்துக்குச் செங்குத்தாக இருந்தால் புள்ளிப் பெருக்கல் சுழி, காமாவின் வர்க்கம் 2.78, ஆகச் சின்ன பி 0.6 ஆகிறது. புலம் ஓட்டத்தின் திசையிலேயே இருந்தால்? முதல் பகுதி 0.36, இரண்டாம் பகுதி 0.64, கூட்டினால் சரியாக 1. ஓடும் திசையில் இருக்கும் காந்தப்புலத்தை இரண்டு பேரும் ஒரே அளவாகப் பார்க்கிறார்கள், குறுக்கே இருப்பதைத்தான் ஆய்வகத்துக்காரர் பெரிதாகப் பார்க்கிறார். பள்ளிக்கூடத்தில் பார்த்த நீளச் சுருக்கத்தோடு இதை ஒப்பிட்டால் காரணம் புரிந்துவிடும்: குறுக்கே போகும் புலக்கோடுகளுக்கு இடையில் உள்ள தூரம்தான் சுருங்குகிறது.

அப்புறம் ஆற்றல்-உந்த டென்சர். முதல் படியில் எழுதியதை அப்படியே எடுத்து மூன்றே மூன்று மாற்றம் செய்தால் போதும். என்தால்பியோடு சின்ன பி-யின் வர்க்கத்தைக் கூட்டுங்கள். அழுத்தத்தோடு அதில் பாதியைக் கூட்டுங்கள். சின்ன பி-யையும் சின்ன பி-யையும் பெருக்கி வரும் உறுப்பை மொத்தத்திலிருந்து கழியுங்கள். முதலாவது காந்தப்புலத்துக்கும் நிலைமம் உண்டு என்கிறது, இரண்டாவது அது எல்லாப் பக்கமும் தள்ளும் என்கிறது, மூன்றாவது புலக்கோட்டின் வழியே இழுவிசை உண்டு என்கிறது. மூன்றிலும் வருவது சின்ன பி என்பதைக் கவனியுங்கள். இங்கே பெரிய பி-யைப் போட்டுவிட்டு விடை ஒத்துவரவில்லையே என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பவர்களை எந்தத் துறையில் கேட்டாலும் காட்டுவார்கள்.

அலகுகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். காஸ் அலகில் காந்த ஆற்றல் அடர்த்தி என்பது புலத்தின் வர்க்கம் ÷ 8 பை. மேலே சொன்ன வடிவில் பை எங்கும் இல்லை, காரணம் 4 பையின் வர்க்கமூலத்தைப் புலத்துக்குள்ளேயே ஒளித்துவிட்டார்கள். நிரல் தரும் எண்ணைக் காஸுக்கு மாற்றும்போது 3.545-ஆல் பெருக்க மறந்தால் ஆற்றல் 12 மடங்குக்கு மேல் பிசகும். பாய்மத்தோடு ஒப்பிட்டால் காந்தம் எத்தனை வலுவானது என்று காட்டும் சிக்மா என்ற எழுத்திலும் ஜாக்கிரதை: சிலர் சின்ன பி-யின் வர்க்கத்தை அடர்த்தியால் வகுக்கிறார்கள், சிலர் என்தால்பியால். கட்டுரையில் வரையறை எங்கே இருக்கிறது என்று தேடிவிட்டுத்தான் எண்ணைத் தொட வேண்டும்.

மூன்றாம் படி: ஆல்வேன் அலையைக் கையால் கணக்கிடுவது

1942-இல் ஹான்னஸ் ஆல்வேன் சொன்ன அலை இது, 1970-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. துணி காயப்போட இழுத்துக் கட்டிய கொடியைச் சுண்டிவிட்டால் அதிர்வு ஓடுமே, புலக்கோட்டில் அதுபோல் ஓடும் அதிர்வு. கயிற்றில் இழுவிசை ÷ எடைதான் வேகத்தை முடிவுசெய்யும். நியூட்டன் கணக்கில் இழுவிசை காந்தத்தினுடையது, எடை முழுவதும் வாயுவினுடையது. ஆகவே புலத்தை ஏற்றிக்கொண்டே போனால் வேகமும் எல்லையில்லாமல் ஏறும். சார்பியலில் இழுவிசையே எடையையும் கூட்டுகிறது:

ஆல்வேன் வேகத்தின் வர்க்கம் = சின்ன பி-யின் வர்க்கம் ÷ (என்தால்பி + சின்ன பி-யின் வர்க்கம்)

குளிர்ந்த வாயு என்று வைத்து, சிக்மாவுக்கு மூன்று மதிப்புகள் போட்டுப் பார்ப்போம். சிக்மா 0.01 என்றால் நியூட்டன் 0.1 என்கிறார், சார்பியல் 0.0995 என்கிறது, ஏறத்தாழ ஒன்றுதான். சிக்மா 1 என்றால் நியூட்டன் கணக்கில் ஒளிவேகமே வந்துவிடுகிறது, சரியான விடையோ 0.707. சிக்மா 100 என்றால் நியூட்டன் ஒளியைப் போல் 10 மடங்கு என்று கூசாமல் சொல்வார், சரியான விடை 0.995. இந்த வேகமும் பாய்மத்தோடு போகிறவர் அளந்ததுதான். ஆய்வகத்துக்கு மாற்ற வேண்டுமானால் சார்பியல் முறையில் திசைவேகங்களைக் கூட்ட வேண்டும்.

இதோடு இன்னொரு கைக்கணக்கையும் போட்டுவிடுங்கள், மிக அழகானது. கன அயனி மோதலில் உருவாகும் குழம்பு ஒரே திசையில் விரிவதாக 1983-இல் பியோர்க்கன் எளிமைப்படுத்தினார். அந்த விரிவுக்குக் குறுக்கே ஒரு காந்தப்புலத்தை வையுங்கள். புலம் பாய்மத்தோடு உறைந்துபோயிருப்பதால், நேரம் இரண்டு மடங்கானால் புலம் பாதியாகும், காந்த ஆற்றல் அடர்த்தி கால்வாசியாகும். இதை ஆற்றல் சமன்பாட்டில் போட்டால், காந்த உறுப்புகள் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகின்றன. காந்தம் இல்லாதபோது பாய்மத்தின் ஆற்றல் எப்படிக் குறையுமோ அப்படியேதான் குறைகிறது, புலம் எத்தனை வலுவாக இருந்தாலும் சரி! நான்கு வரிக் கணக்கு. ஆற்றல் சமன்பாட்டை நாம் சரியாக எழுதியிருக்கிறோமா என்று சோதிக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

நான்காம் படி: ஒரு பரிமாணத்தில் சொந்தமாக நிரல்

இலவசமாகக் கிடைக்கும் நல்ல நிரல்கள் இருக்கும்போது நாம் ஏன் எழுத வேண்டும் என்று தோன்றும். ஆராய்ச்சிக்கு அவற்றைத்தான் பயன்படுத்தப்போகிறீர்கள், சரிதான். ஆனால் ஒரு பரிமாணத்தில் சில நூறு வரி சொந்தமாக எழுதியவருக்கு, பெரிய நிரல் எச்சரிக்கைச் செய்தி அச்சிடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்.

நிரலுக்குள் எட்டு எண்களுக்கு இரண்டு பட்டியல்கள் உண்டு. நமக்குப் புரிகிற பட்டியல்: அடர்த்தி, அழுத்தம், திசைவேகத்தின் மூன்று கூறுகள், காந்தப்புலத்தின் மூன்று கூறுகள். கணினி காலத்தில் முன்னே நகர்த்துகிற பட்டியல்: ஆய்வக அடர்த்தி, உந்தம் மூன்று, மொத்த ஆற்றல், அதே காந்தப்புலம் மூன்று. முதல் பட்டியலிலிருந்து இரண்டாவதற்குப் போவது நேரடிச் சூத்திரம். திரும்பி வரத்தான் சூத்திரம் இல்லை, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு காலப்படியிலும் ஒரு சமன்பாட்டை நியூட்டன்-ராப்சன் முறையில் தீர்க்க வேண்டும்.

ஒரு தந்திரம் இருக்கிறது. உந்தத்தைப் பெரிய பி-யோடு புள்ளிப் பெருக்கல் செய்யுங்கள். உந்தத்தில் இருக்கும் காந்தப் பகுதிகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, என்தால்பி × காமாவின் வர்க்கம் × (திசைவேகத்துக்கும் பி-க்கும் உள்ள புள்ளிப் பெருக்கல்) என்பது மட்டும் மிஞ்சும். ஆக என்தால்பி × காமாவின் வர்க்கம் என்ற ஒரே ஒரு எண்ணை ஊகித்தால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து வரிசையாக வந்துவிடும். மொத்த ஆற்றலோடு பொருந்துகிறதா என்று பார்த்து ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகலாம்.

சோதனைக்கு 2001-இல் பல்சாரா கொடுத்த முதல் கணக்கை எடுங்கள். இடப்பக்கம் அடர்த்தி 1, அழுத்தம் 1. வலப்பக்கம் அடர்த்தி 0.125, அழுத்தம் 0.1. குழாயின் நீளம் 1, தடுப்பு நடுவில். குழாயின் திசையில் காந்தப்புலம் இரண்டு பக்கமும் 0.5, குறுக்கே இடப்பக்கம் 1, வலப்பக்கம் மைனஸ் 1. வேகம் எங்கும் சுழி, அடியாபாட்டிக் எண் 2. நேரம் 0.4 வரை ஓடவிட்டுப் பாருங்கள். இந்த வகைக் கணக்குகளின் துல்லியமான தீர்வு 2006-இல் வெளிவந்துவிட்டது, ஆகவே உங்கள் படத்தை ஒப்பிட ஆதாரம் உண்டு. கட்டங்களை இரண்டு மடங்காக்கும்போது பிழை குறைகிறதா என்றும் பாருங்கள். குறையாவிட்டால் படம் எத்தனை அழகாக இருந்தாலும் நிரலில் ஏதோ கோளாறு.

இது ஓடியதும் சிக்மாவை ஏற்றிப் பாருங்கள், நிரல் தடுமாறத் தொடங்கும். காரணம் எளிது. மொத்த ஆற்றல் 1001, அதில் காந்தம் 1000, வாயுவின் பங்கு வெறும் 1 என்று வையுங்கள். மொத்தத்தில் 0.1 சதவீதப் பிழை வந்தாலே வாயுவின் ஆற்றல் முழுக்க அழிந்துபோகும், அழுத்தம் மைனஸில் இறங்கிவிடும். இதைத் தவிர்க்க எல்லா நிரல்களும் அடர்த்திக்கு ஒரு கீழ்வரம்பு வைத்து, அதற்குக் கீழே போனால் சத்தமில்லாமல் கொஞ்சம் பொருளைச் சேர்க்கின்றன. சேர்த்த பொருள் எவர் கண்ணுக்கு ஓய்வில் இருக்கிறது? பாய்மத்தோடு போகிறவர் பார்வையில் சேர்த்தால் வேகம் மாறாது, உந்தம் கூடும். நிற்பவர் பார்வையில் சேர்த்தால் ஓட்டம் கொஞ்சம் இழுபடும். கருந்துளையிலிருந்து பீறிடும் பீச்சுத்தாரையின் அச்சருகே தெரியும் அடர்த்தி பெரும்பாலும் இந்தக் கீழ்வரம்பு போட்ட எண்தான், இயற்கை போட்டதல்ல. இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் போடும் கட்டுரைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

இரண்டு பரிமாணத்துக்குப் போனதும் புதிதாக ஒரு தொல்லை: காந்தப்புலத்தின் டைவர்ஜன்ஸ் சுழியாகவே இருக்க வேண்டும், கணினியின் பிழைகள் அதை மெல்ல வளரவிடும். புலத்தைக் கட்டங்களின் முகங்களிலும் மின்புலத்தை விளிம்புகளிலும் வைத்துக் கணக்கிடும் முறையை 1988-இல் எவன்ஸும் ஹாலியும் கொடுத்தார்கள், அதைப் பின்பற்றினால் டைவர்ஜன்ஸ் கணினித் துல்லியத்துக்குள் அடங்கியிருக்கும். பிழையை அலையாக வெளியே ஓட்டிவிடும் இன்னொரு முறையும் உண்டு. எழுத எளிது, ஆனால் எனக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

ஐந்தாம் படி: கருந்துளை

இங்கே வந்ததும் சொந்த நிரலை மூடிவைத்துவிட்டு ஒரு பொது நிரலை எடுங்கள். 2003-இல் கேமி, மெக்கின்னி, டோத் மூவரும் வெளியிட்ட ஹார்ம் சின்னது, சி மொழியில் எழுதியது, உட்கார்ந்து முழுவதையும் படித்துவிடலாம். பெரிய கணக்குக்கு அதீனா++, பிஎச்ஏசி போன்றவை உண்டு. ஆய அச்சுகளாகக் கெர்-ஷில்ட்டைத் தேர்ந்தெடுங்கள், நிகழ்வெல்லையில் (உள்ளே போனால் எதுவும் திரும்பி வர முடியாத எல்லை) எண்கள் வெடிக்காது. கட்டங்களின் உள் ஓரத்தை எல்லைக்கு உள்ளேயே வைத்துவிட்டால் அங்கே நடக்கும் தப்புகள் வெளியே வரவும் வழியில்லை.

தொடக்க நிலையாக 1976-இல் ஃபிஷ்போனும் மான்கிரீஃபும் கொடுத்த வாயு வளையத்தைப் பயன்படுத்துவது வழக்கம். 2019-இல் பல நிரல்களை அருகருகே வைத்து ஒப்பிட்டபோது எடுத்துக்கொண்ட எண்களையே நீங்களும் எடுங்கள்: கருந்துளையின் சுழற்சி 0.9375 (உச்சம் 1), வளையத்தின் உள் ஓரம் 6, அழுத்தம் உச்சமாகும் இடம் 12 (இரண்டும் ஈர்ப்பு ஆரம் GM/c² என்ற அலகில்), அடியாபாட்டிக் எண் 4/3. காந்தப்புலத்தை நேராக எழுதாமல், அடர்த்தி உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ள இடத்தில் மட்டும் வெக்டர் பொட்டன்ஷியலைக் கொடுத்து அதன் கர்லிலிருந்து புலத்தை எடுங்கள், டைவர்ஜன்ஸ் தானாகச் சுழியாகிவிடும். வாயு அழுத்தத்தின் உச்சம் காந்த அழுத்தத்தின் உச்சத்தைப்போல் 100 மடங்கு இருக்கும்படி புலத்தை அளவிடுங்கள். அப்புறம் சில சதவீதம் சலனத்தைத் தூவிவிட்டால் போதும்.

வளையம் சமநிலையில் இருக்கிறது, காந்தம் இத்தனை பலவீனம், பிறகு எப்படி வாயு உள்ளே விழுகிறது? உள்ளே வேகமாகவும் வெளியே மெதுவாகவும் சுற்றும் பாய்மத்தில் பலவீனமான புலம்கூட நிலைகுலைவை உண்டாக்கும் என்று 1959-இல் வெலிகோவும், 1960-இல் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப்போன சுப்பிரமணியன் சந்திரசேகரும் கண்டார்கள். ஆனால் அதை அநேகமாக யாரும் வாயு வட்டுகளுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை, 1991-இல் பால்பஸும் ஹாலியும் செய்யும்வரை முப்பது வருடம் சும்மாவே கிடந்தது. உங்கள் உருவகத்தில் இந்த நிலைகுலைவின் அலைநீளத்துக்குள் பத்துக் கட்டமாவது விழுகிறதா என்று எண்ணிப் பாருங்கள், விழாவிட்டால் கொந்தளிப்பு போதாமல் வளையம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அச்சுச் சமச்சீரோடு இரண்டு பரிமாணத்தில் ஓட்டினால் கொந்தளிப்பு தொடங்கும், பிறகு அடங்கிவிடும். இரண்டு பரிமாணத்தில் காந்தப்புலம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள முடியாது என்று 1934-இலேயே கௌலிங் நிறுவிவிட்டார். ஆகவே அதைப் பயிற்சியாக மட்டும் பாருங்கள், நீண்டகால முடிவெல்லாம் எடுக்க வேண்டாம்.

நிரல் சொல்லும் நேரத்தை மணியாக மாற்ற கருந்துளையின் நிறை தேவை. சூரிய நிறைக்கு ஒரு நேர அலகு 4.93 மைக்ரோவினாடி. 650 கோடி சூரியன் நிறையுள்ள எம்87-க்கு அது கிட்டத்தட்ட 9 மணி நேரம், நம் பால்வெளியின் நடுவில் இருப்பதற்கோ 20 வினாடிதான். ஒரே உருவகத்தை இரண்டுக்கும் பயன்படுத்தலாம்; ஆனால் ஓர் இரவு தொலைநோக்கியில் பார்த்து முடிப்பதற்குள் எம்87 அசையாமல் உட்கார்ந்திருக்கும், பால்வெளிக் கருந்துளையோ பல தடவை உருமாறியிருக்கும். அதன் படம் வர 2022 மே வரை ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மேல் எங்கே போவது என்பது உங்கள் ஆர்வத்தைப் பொறுத்தது. எம்87-ஐச் சுற்றியுள்ள பிளாஸ்மாவில் துகள்கள் ஒன்றோடொன்று அரிதாகத்தான் மோதுகின்றன, எலெக்ட்ரானும் அயனியும் வேறுவேறு வெப்பநிலையில் இருக்கின்றன. ஒரே பாய்மம் என்று நாம் போட்ட கணக்கு அங்கே ஒரு தோராயம்தான். வெப்பக் கடத்தலையும் பாகுநிலையையும் சேர்க்க நினைத்தால் 1940-இல் எக்கார்ட் எழுதிய எளிய வடிவத்தை எடுக்காதீர்கள். அமைதியாக இருக்கும் பாய்மம்கூட அதில் தானாக வெடித்துவிடும் என்று 1985-இல் ஹிஸ்காக்கும் லிண்ட்ப்ளமும் காட்டிவிட்டார்கள். இஸ்ரேல்-ஸ்டூவர்ட் வடிவத்திலிருந்து தொடங்குங்கள். மின்முனைவாக்கமும் காந்தமாக்கமும் உள்ள பாய்மங்களுக்கு ஆற்றல்-உந்த டென்சர் மின்கோவ்ஸ்கி சொன்னதா ஆபிரகாம் சொன்னதா என்று 1908-09 முதல் ஒரு பெரிய சண்டை ஓடுகிறது. அதற்குள் தலையைக் கொடுப்பதற்கு முன், மொத்த டென்சரில் எந்தப் பகுதியைப் புலத்தின் கணக்கிலும் எந்தப் பகுதியைப் பொருளின் கணக்கிலும் ஒவ்வொருவரும் எழுதுகிறார்கள் என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.